பரணில் படுத்திருக்கும் டியூப்லைட்

சொன்னது சட்டென்று புரியாத ஆளை "சரியான டியூப்லைட்" என்று கேலி செய்வோம். இன்றைய பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அவர்கள்தான் விழிப்பார்கள். சுவிட்சைத் தட்டியதும் எரிகிற எல்.இ.டி. விளக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஸ்டார்ட்டர் மினுக்கி, சோக் முனகி, இரண்டு மூன்று தடவை கண் சிமிட்டி, அப்புறம் போனால் போகிறதென்று எரிகிற விளக்கு அவர்களுக்குத் தெரியாது.

அந்த விளக்கு வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. என் வயதுக்காரர்கள் வீட்டுப் பரணை யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பியூஸ் போன டியூப் இரண்டு, "எதுக்காவது ஆகும்" என்று எடுத்து வைத்த சோக் ஒன்று, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் நாலு ஸ்டார்ட்டர், மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்த ஃபிட்டிங் ஒன்று. எங்கள் எம்.கே.பி. நகர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில் இது இல்லாத வீடு குறைவு. எதையும் எறிய மனம் வராத தலைமுறை நாம். அது நல்ல குணம்தான். ஆனால் நாம் போன பிறகு அந்தப் பரணை யார் காலி செய்வார்கள்? வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பிள்ளை நாலு நாள் லீவில் வருவான். காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க" என்பான். அவர் சோக்கை எடைக்குப் போட்டுக்கொண்டு டியூப்பைக் குப்பைத் தொட்டி ஓரத்தில் சாய்த்துவிட்டுப் போவார். அதை ஏதாவது ஒரு பையன் கல்லெறிந்து உடைப்பான். அதனால்தான் சொல்கிறேன்: இந்த வேலையை நாம் இருக்கும்போதே, நம் கண் முன்னாலேயே முடிக்க வேண்டும்.

அந்தக் குழாய்க்குள் என்னதான் இருக்கிறது? நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் பேச்சு வழக்கில் இந்த விளக்கை 'நெயோன்' என்பார்கள். ஜார்ஜ் குளோத் என்ற பிரெஞ்சுக்காரர் 1910-ல் பாரிஸில் நியான் விளக்கைக் காட்டினார். அந்தப் பெயர் எல்லாக் குழாய் விளக்குக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் நம் வீட்டு டியூப்பில் வெளிச்சம் தருவது நியான் கிடையாது. உள்ளே ஆர்கான் வாயுவும் துளிப் பாதரசமும் இருக்கின்றன. மின்சாரம் பாய்ந்ததும் பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வெளியிடும். குழாயின் உட்புறம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அதை வெளிச்சமாக மாற்றும். அமெரிக்காவில் 1938-ல் விற்பனைக்கு வந்த காலத்திலிருந்து இதே தத்துவம்தான்.

பாதரசத்துக்குப் பிரெஞ்சில் ஒரு பழைய பெயர் உண்டு: 'விஃப் அர்ஜான்', அதாவது உயிருள்ள வெள்ளி. தெர்மாமீட்டர் உடைந்து தரையில் உருண்டோடியதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். நாம் பார்க்காதது, அது சாதாரண அறைச் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது என்பதை. மூச்சோடு உள்ளே போகிற அந்த ஆவி மூளை, நரம்பு, சிறுநீரகம் மூன்றையும் தாக்கும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன், வீணாகப் பயமுறுத்தக் கூடாது. பழைய தடித்த டியூப்பில் சில பத்து மில்லிகிராம் பாதரசம் இருக்கும். பின்னால் வந்த மெலிந்த டியூப்பிலும் சி.எஃப்.எல். பல்பிலும் ஐந்து மில்லிகிராம் அளவுக்குள் இருக்கும். காய்ச்சல் பார்க்கும் பழைய தெர்மாமீட்டரில் அரை கிராமுக்கு மேல். ஆக ஒரு டியூப் உடைந்தால் யாரும் சாகப்போவதில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளின் டியூப்கள் ஒரே இடத்தில் உடையும்போது கணக்கு வேறு.

கண்ணாடியும் பாதரசமும் காயலான் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று 1983-ல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் மூடிய ஆலையைப் பாண்ட்ஸ் நிறுவனம் இங்கே கொண்டுவந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி சுமார் 7.4 டன் கிடப்பதை வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. வேலை செய்த 591 பேருக்கான உடன்பாடு 2016-ல்தான் வந்தது. ஆலை வளாகத்தின் மண்ணை எவ்வளவு சுத்தம் செய்வது என்ற வாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. ஒரு காயலான் கடை மூட்டையிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த விவகாரம், நியாயம் கிடைக்க இத்தனை வருஷம்.

நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் இதன் சின்ன உருவத்தைப் பார்த்திருக்கிறேன். ஸ்டோர் பிரிவில் உபயோகமற்ற சாமான்களைப் பட்டியல் போட்டு, அதிகாரி கையெழுத்து வாங்கி, ஏலம் விடுவோம். எங்கள் பாஷையில் 'கண்டம் பண்ணுவது'. உடைந்த நாற்காலி, பழைய மின்விசிறி, கட்டுக்கட்டாக டியூப்லைட் எல்லாம் ஒரே லாட். ஏலம் எடுத்தவரின் ஆட்கள் வண்டியில் ஏற்றுவதற்கு முன்பு டியூப்பின் இரண்டு முனையிலும் இருக்கும் அலுமினியத் தொப்பிக்காக மதில் சுவரில் அடித்து உடைப்பார்கள். வெள்ளைப் பொடி காற்றில் பறக்கும். வாட்ச்மேன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். சூப்பிரண்டிடம் சொன்னால், "பணம் கட்டியாச்சு, கேட் பாஸ் போட்டாச்சு, அதுக்கப்புறம் நமக்கென்னய்யா?" என்பார். கேட்டுக்கு உள்ளே ஒரு ஸ்டார்ட்டருக்குக்கூடப் பதிவேடு உண்டு. கேட்டைத் தாண்டினால் நாற்பது டியூப்புக்கும் கணக்கு கிடையாது.

நம் வீட்டு வாசல்படியும் அந்த கேட் மாதிரிதான். அதைத் தாண்டிய பிறகு எங்கே போகிறது என்று வேறு ஊர்க்காரர்கள் கேட்காமல் இருக்கலாம். எம்.கே.பி. நகர்க்காரர்கள் அப்படி இருக்க முடியாது, ஏனென்றால் அது போகிற இடம் நம் பக்கத்து வீடு. கொடுங்கையூர்க் குப்பைமேடு, சுமார் 350 ஏக்கர். பல பத்தாண்டுகளாக ஊர்க் குப்பை அங்கே வந்து குவிகிறது. அது பற்றி எரியும்போது புகை எந்தத் தெருவுக்கு வரும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜன்னலைச் சாத்திப் பழகியவர்கள் நாம். பாதரசம் கொதிப்பது 357 டிகிரி செல்சியஸில். குப்பைத் தீயின் சூட்டில் அது முழுக்க ஆவியாகிப் புகையோடு கிளம்பும். எரியாமல் மழையில் ஊறினால் வாய்க்கால் வழியாகப் பக்கிங்காம் கால்வாய், அங்கிருந்து கழிமுகம், கடல். தண்ணீரடிச் சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போகப் போக அளவு கூடும். ஜப்பானில் மினமாட்டா ஊரில் 1956-ல் வெளிப்பட்ட நோய் அந்த மெத்தில் பாதரசத்தால் வந்தது. அங்கே ஒரு ரசாயன ஆலையே அதைக் கடலில் கொட்டியது. அந்த அளவோடு நம் டியூப்பை ஒப்பிடவே முடியாது. ஆனால் மீன் சாப்பிடுகிற ஊர், கடலுக்குள் எது போகிறது என்பதில் கவனமாக இருக்க வேண்டும்.

கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்குத் திட்டம் வந்தபோது வடசென்னை மக்கள் எதிர்த்தார்கள். அந்த ஆலை வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். எரிக்கப் போகிற குப்பையில் பாதரசம் இருக்கக் கூடாது என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. அதை உள்ளே போகாமல் தடுக்கும் இடம் நம் வீடுதான். நசுங்கிய குப்பையிலிருந்து எந்த இயந்திரமும் அதைப் பொறுக்கி எடுக்காது.

சட்டம் இதையெல்லாம் சொல்லாமல் இல்லை. 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு. டியூப்லைட், சி.எஃப்.எல்., உடைந்த தெர்மாமீட்டர், பழைய பேட்டரி எல்லாம் மூன்றாவதில் வந்தன. அதே ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளிலும் பாதரச விளக்குகள் சேர்க்கப்பட்டன. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளும் அவற்றை விடவில்லை: தயாரித்து விற்கிற நிறுவனம்தான் மறுசுழற்சிக்குப் பொறுப்பு. உலக அளவில் மினமாட்டா ஒப்பந்தம் 2017 ஆகஸ்ட் 16-ல் அமலுக்கு வந்தது. (புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தத் தேதி மறக்காது. 1962-ல் அதே நாளில்தான் எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது.) 2018-ல் இந்தியா அதை ஏற்றது. 2023-ல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், வீட்டுக்கும் அலுவலகத்துக்குமான குழாய் விளக்குகள் எல்லாவற்றின் தயாரிப்பையும் 2027-க்குள் நிறுத்துவதென்று முடிவெடுத்தன. அப்படியானால் இன்று சுவரிலும் பரணிலும் இருப்பவைதான் கடைசி அலை. எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே வரப்போகின்றன.

இனி பிரித்தறிவது எப்படி என்று பார்ப்போம்.

டியூப்: தடித்தது, சுமார் ஒன்றரை அங்குல விட்டம், 40 வாட், டி-12 என்பார்கள். ஒரு அங்குலம் இருந்தால் டி-8, 36 வாட். விரல் பருமன் என்றால் டி-5, 28 வாட். மூன்றிலும் பாதரசம் உண்டு, தடித்ததில் அதிகம். முனை கறுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சிலவற்றில் வட்டத்துக்குள் 'எச்.ஜி.' என்று அச்சிட்டிருக்கும். அது பாதரசத்தின் குறி. எல்.இ.டி. டியூப்பும் பார்க்க இதே போலிருக்கும். ஆனால் பெரும்பாலும் அதன் முதுகுப் பக்கம் அலுமினியமாகவோ ஒளி புகாததாகவோ இருக்கும், மேலே எல்.இ.டி. என்று போட்டிருக்கும். அதில் பாதரசம் கிடையாது. அது சாதாரண மின்னணுக் கழிவு.

ஸ்டார்ட்டர்: உள்ளே சின்னக் கண்ணாடிக் குமிழும் சுண்டு கெபாசிட்டரும் இருக்கும். உடைத்துப் பார்க்க வேண்டாம், சேர்த்து வையுங்கள்.

சோக்: கனமாக இருந்தால் பழைய வகை. இரும்புத் தகடும் கம்பிச் சுருளும்தான். லேசாக இருந்து, ஸ்டார்ட்டர் இல்லாமல் எரிந்திருந்தால் எலக்ட்ரானிக் சோக். பழைய சோக்கில் செம்பு இருப்பதால் காயலான் கடையில் விலை உண்டு. விற்பதில் தப்பில்லை. அதை வாங்குகிறவர் கம்பியைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறவராக இருந்தால் அந்தப் புகையும் நமக்கே வரும். கொளுத்தாமல் பிரிக்கிற கடைக்குக் கொடுங்கள்.

கெபாசிட்டர்: பழைய பெரிய ஃபிட்டிங்குகளில், முக்கியமாக அலுவலகம், ஆலை, கல்யாண மண்டபத்திலிருந்து வந்தவற்றில், தகர டப்பா போல ஒன்று இருக்கும். 1980-க்கு முந்தையதாக இருந்தால் உள்ளே பி.சி.பி. என்ற எண்ணெய் இருக்கலாம். எளிதில் அழியாத நஞ்சு. உடம்புக் கொழுப்பில் தங்கும். புற்றுநோய் வரவழைக்கக் கூடியது. அமெரிக்கா 1979-ல் அதன் தயாரிப்பைத் தடை செய்தது. நியூயார்க் பள்ளிகளில் இப்படிப்பட்ட பழைய விளக்குகள் கசிந்து, ஆயிரக்கணக்கில் மாற்ற வேண்டி வந்தது. இந்தியாவும் 2016-ல் ஆணை போட்டு, 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு பயன்பாடே கூடாது என்றது. டப்பா உப்பியோ பிசுபிசுவென்று கசிந்தோ இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டு, தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒரு டின்னில் தனியாக வையுங்கள். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இறக்கும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். எழுபது வயதில் ஸ்டூலில் ஏறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வது டியூப்பில் இருக்கும் பாதரசத்தைவிடப் பெரிய ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயினை அணைக்கச் சொல்லுங்கள். இறக்கிய டியூப்பைப் புது டியூப் வந்த அட்டை உறையிலேயே போட்டு, உறை இல்லாவிட்டால் செய்தித்தாளில் சுற்றி, குழந்தை கை எட்டாத மூலையில் கட்டி வையுங்கள்.

உடைந்துவிட்டால்: குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அறையை விட்டு வெளியே அனுப்புங்கள். ஃபேன், ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டு, நீங்களும் பத்து நிமிஷம் வெளியே வந்துவிடுங்கள். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் கூடவே கூடாது. இரண்டும் பொடியைக் கிளப்பிவிடும். பழைய கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டை இரண்டு போதும். அதால் வாரி, மூடி உள்ள கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். மிச்சப் பொடியை செல்லோ டேப்பால் ஒற்றி, ஈரக் காகிதத்தால் துடைத்து, அதையும் பாட்டிலில் போட்டு மூடி வீட்டுக்கு வெளியே வையுங்கள். கையைக் கழுவுங்கள். திருவிழாவில் நெஞ்சில் டியூப்லைட் உடைத்து வித்தை காட்டுகிற பிள்ளைகளைப் பார்த்தால், கைதட்டுவதற்கு முன் அவர்கள் மூச்சுக்குள் போவது என்னவென்று யாராவது சொல்லுங்கள்.

சேர்த்தாயிற்று, யாரிடம் கொடுப்பது? கஷ்டம் இங்கேதான். எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மா ஒரு நாள் சொன்னார்: "சார், நீங்க தனியாத்தான் குடுக்கறீங்க. வண்டியில மூணாவது டப்பா இல்லையே. அழுத்தும்போது உடைஞ்சு பவுடரு எங்க மூஞ்சியிலதான் அடிக்குது." பிரித்துக் கொடுப்பவரும் இருக்கிறார், வாங்குபவரும் இருக்கிறார், நடுவில் ஒரு டப்பா இல்லை. விதி எழுதி ஆண்டுகள் கடந்த பிறகும் இதுதான் நிலைமை என்றால் குற்றம் அந்த அம்மாவுடையது அல்ல.

என் யோசனை பெரிய செலவு இல்லாதது. ஒவ்வொரு குடியிருப்போர் சங்கமும் ஓர் அறை மூலையில் மரப்பெட்டி ஒன்று வைக்கட்டும். டியூப் நிற்கிற உயரம். பக்கத்தில் ஒரு நோட்டு: தேதி, வீட்டு எண், என்ன பொருள், எத்தனை. பெட்டி நிறைந்ததும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடுகிற அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர் பட்டியலில் பாதரச விளக்கு எடுப்பவரைத் தேடிக் கூப்பிடலாம். ஒரு வீட்டு இரண்டு டியூப்புக்கு யாரும் வரமாட்டார்கள். ஒரு சங்கத்தின் இருநூறு டியூப்புக்கு வருவார்கள். மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்து, அபாயக் கழிவுக்கு நம் வார்டில் எந்த நாள், எந்த இடம் என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் புகார். நாற்பது பேர் கேட்டால் அதற்கு ஒரு ஃபைல் திறக்க வேண்டி வரும். நாற்பது வருஷம் ஃபைல் பார்த்தவன் சொல்கிறேன். புது எல்.இ.டி. வாங்கும் கடையில் "பழசை எடுத்துக்குவீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். இல்லை என்பார்கள். அடுத்த தடவையும் கேளுங்கள்.

வடசென்னைக்காரர்கள் சாம்பலையும் எண்ணெயையும் குப்பையையும் அடுத்தவர்கள் நம் தலையில் கொட்டுவதாகச் சொல்கிறோம். அது உண்மை, 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்ததை ஊரே பார்த்தது. அந்த வாதத்தைத் தொடர்ந்து சொல்வோம். அதோடு இந்த மாதத்துக்குள் பரணில் இருப்பதை ஆள் வைத்து இறக்கி, மேலே சொன்னபடி பிரித்துக் கட்டி, எத்தனை இருக்கிறதென்று ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். உங்கள் பிள்ளைகளிடமும் அந்த மூலையைக் காட்டி, "இதைக் காயலான் கடைக்குப் போடாதே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நகை எங்கே, பத்திரம் எங்கே என்று சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.